கோலாலம்பூரில் தற்காப்புக் கலை வகுப்பு தேடுகிறீர்களா? முதலில் ஆசானைப் பாருங்கள்

பள்ளி விடுமுறை நெருங்கினாலே நம் வாட்ஸ்அப் குழுக்களில் இந்தக் கேள்வி வந்துவிடும்: "பிள்ளையைத் தற்காப்புக் கலை வகுப்பில் சேர்க்கணும், எந்தக் கலை நல்லது?" உடனே ஒருவர் சிலம்பம் என்பார், இன்னொருவர் டேக்வாண்டோ என்பார், மூன்றாமவர் யூடியூப்பில் பார்த்த சண்டைக் காணொளி ஒன்றை அனுப்பி இதுதான் நிஜமான சண்டை என்பார். கேட்டவர் குழம்பிப் போய், கடைசியில் வீட்டுக்கு எது பக்கமோ அதில் சேர்த்துவிடுவார். வீட்டுக்குப் பக்கம் என்பது மோசமான காரணமே இல்லை, அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் எந்தக் கலை என்பது இரண்டாவதாக வர வேண்டிய கேள்வி. யார் சொல்லிக்கொடுக்கிறார், எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார் என்பதுதான் முதல் கேள்வி. நல்ல ஆசானிடம் எதைக் கற்றாலும் உடம்பு நிமிரும், மனதில் ஒரு தைரியம் வரும். தவறான ஆளிடம் மாட்டினால் எவ்வளவு பெரிய கலையாக இருந்தாலும் முட்டி வலியும் கசப்பும்தான் மிஞ்சும்.

நான் செந்தூல் பக்கம் கம்பு சுற்றிப் பழகியவன், பிறகு பல வருடம் கராத்தே, இப்போது என் பிள்ளைகளுக்காகவும் சொந்தக்காரர் பிள்ளைகளுக்காகவும் வகுப்பு வகுப்பாக ஏறி இறங்குகிறேன். அதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். சொல்வது கோலாலம்பூரையும் சுற்றுவட்டாரத்தையும் வைத்துத்தான் என்றாலும் பினாங்கில் இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

எதற்காகக் கற்கப் போகிறீர்கள்?

இதை வீட்டிலேயே உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள். பிள்ளை கூச்ச சுபாவம், கொஞ்சம் வாய் திறக்கட்டும் என்று அனுப்புகிறீர்களா? பள்ளியில் யாரோ அடிக்கிறார்கள் என்பதாலா? மாநில அளவில் போட்டிக்குப் போக வேண்டும் என்ற ஆசையா? நம்முடைய கலை ஒன்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற எண்ணமா? உங்களுக்கே நாற்பது தாண்டி, மருத்துவர் சர்க்கரை ஏறுகிறது என்று சொல்லிவிட்டாரா? ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வகுப்பு. போட்டிக்கு ஆள் தயார் செய்யும் ஆசானிடம் கூச்சமுள்ள ஏழு வயதுப் பிள்ளையை விட்டால் அவருக்கும் கஷ்டம், பிள்ளைக்கும் கஷ்டம். பள்ளியில் அடிக்கிறார்கள் என்றால் வகுப்பில் சேர்ப்பதோடு பள்ளி ஆசிரியரிடமும் போய்ப் பேசுங்கள். ஆறு மாதம் உதைக்கப் பழகிவிட்டு அவனே சமாளிக்கட்டும் என்று விடுவது பிள்ளையின் தலையில் பெரிய பாரத்தை ஏற்றுவது.

பிள்ளையிடமும் கேளுங்கள். அப்பாவுக்குச் சின்ன வயதில் கிடைக்காத கருப்பு வார் அந்தப் பிள்ளைக்கு வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இங்கே கிடைக்கும் கலைகள், சுருக்கமாக

சிலம்பத்தில் காலடி, மணிக்கட்டு, தோள் மூன்றும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். பிள்ளையின் நெற்றி உயரத்துக்கு ஒரு பிரம்பு இருந்தால் தொடங்கிவிடலாம், வகுப்பும் பெரும்பாலும் தமிழிலேயே நடக்கும். ஆனால் மேடையில் ஆடும் அலங்காரச் சுற்று ஒன்று, எதிராளியோடு நின்று தொட்டுப் புள்ளி எடுக்கும் கம்புச் சண்டை இன்னொன்று. சில வகுப்புகளில் முதலாவது மட்டும்தான் நடக்கும். வருடம் முழுக்கத் தீபாவளி விருந்துக்கும் திருமண மண்டபத்துக்கும் ஆட்டம் தயார் செய்வதே வேலையாக இருக்கும். அது உங்களுக்குச் சரி என்றால் சரி. இல்லையென்றால் "எதிராளியை வைத்துப் பழக்குவீர்களா, எப்போதிலிருந்து?" என்று கேட்டுவிடுங்கள்.

டேக்வாண்டோ இந்த நாட்டில் 1960-களிலேயே வேர் பிடித்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெனரல் சோய் ஹோங் ஹி அப்போது இங்கே தென்கொரியத் தூதராக இருந்தார். அவர் 1966-இல் தொடங்கிய ஐடிஎஃப் என்ற அனைத்துலக டேக்வாண்டோ கூட்டமைப்பு ஒரு வழி, 1973-இல் வந்த உலக டேக்வாண்டோ அமைப்பு இன்னொரு வழி. ஒலிம்பிக்கில் 2000-ஆம் ஆண்டிலிருந்து இருப்பது இரண்டாவது. அதில் முகத்தில் கையால் குத்தக்கூடாது, மின்னணுக் கவசம் புள்ளியைக் கணக்கிடும். ஐடிஎஃப்பில் கைக்கும் நல்ல வேலை உண்டு. வெளியே பலகையில் டேக்வாண்டோ என்று மட்டும்தான் இருக்கும், எந்த வழி என்று உள்ளே போய்த்தான் கேட்க வேண்டும். பிள்ளை பிறகு பள்ளியிலோ மாநிலத்திலோ போட்டிக்குப் போக விரும்பினால் இந்த வித்தியாசம் முக்கியம்.

கராத்தேயில் நம் பிள்ளைகள் நிறைய சாதித்திருக்கிறார்கள். ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2023-இல் சி. ஷாமளாராணி தங்கம் வாங்கியது எத்தனையோ தமிழ்ப்பள்ளி மாணவிகளை வகுப்புக்கு வர வைத்திருக்கும். ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: தோக்கியோ ஒலிம்பிக்கில் இருந்த கராத்தே பாரிஸில் இல்லை. ஒலிம்பிக் கனவைக் காட்டி யாராவது ஆள் சேர்த்தால் அதையே கேளுங்கள். இங்கே கராத்தேயிலும் பல பிரிவு உண்டு. சியூ சூ சூட் 1966-இல் தொடங்கிய கராத்தே புடோக்கான் இந்த ஊரிலேயே பிறந்தது.

சிலாட் மலாய்க்காரர்களின் தற்காப்புக் கலை, 2019-இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் ஏறியது. அழகும் உண்டு, ஆழமும் உண்டு. சில சிலாட் குழுக்களில் சேரும்போது உறுதிமொழியும் சடங்கும் இருக்கும். வேற்று மதத்தாரைச் சேர்ப்பார்களா, சடங்கில் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று முன்னாலேயே மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஜூடோவும் பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவும் பிடித்து உருளும் கலைகள், உதை வாங்கப் பயப்படும் பிள்ளைகளுக்கு நன்றாக ஒத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். அதிலும் ஜூடோவில் முதல் பாடமே அடிபடாமல் விழுவது, வயதான காலம் வரை உதவுகிற பாடம் அது. தாய்லாந்துக் குத்துச்சண்டையான முய் தாய் உடம்பை முறுக்கேற்றும். அலுவலகம் முடிந்து வருகிற பெரியவர்களுக்கு மிகப் பிடிக்கும். சின்னப் பிள்ளைகளை அதில் சேர்த்தால் தலைக்கு அடி வாங்கும் சண்டைக்கு எந்த வயதில் இறக்குவார்கள் என்று கேளுங்கள். குங்ஃபூ, விங் சுன் எல்லாம் சீனச் சங்கங்களில் நம் ஆட்கள் தாராளமாகப் போய்ப் பழகுகிறார்கள், மொழி ஒரு தடையாக இருப்பதில்லை.

தூரம்

கோலாலம்பூரில் மாலை ஆறு மணி என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும். மழையும் பிடித்துக்கொண்டால் செராஸிலிருந்து செந்தூலுக்குப் போவதற்குள் வகுப்பு முடிந்திருக்கும். வாரத்துக்கு இரண்டு நாள், வருடம் முழுக்க, அலுப்பாக இருக்கும் நாளிலும் போக முடிகிற இடம்தான் உங்கள் இடம். நாட்டிலேயே பெரிய மாஸ்டர் என்றாலும் மாதத்தில் பாதி வகுப்பைத் தவற விட்டால் பயன் இல்லை. எல்ஆர்டியிலோ கொமியூட்டரிலோ போய்ச் சேர முடிந்தால் இன்னும் நல்லது. படிவம் மூன்று, நான்கு படிக்கும் பிள்ளை தானே போய் வரும், நீங்கள் காரில் காத்துக் கிடக்க வேண்டாம். டியூஷன் நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முட்டினால் முதலில் வெட்டுப்படுவது இந்த வகுப்புதான்.

எங்கே தேடுவது

கூகிளில் மேலே வருவது விளம்பரத்துக்குக் காசு கொடுத்த இடம். நல்ல ஆசான்கள் பலருக்கு ஒழுங்கான ஃபேஸ்புக் பக்கம்கூட இருக்காது. தமிழ்ப்பள்ளி மண்டபம், கோயில் வளாகம், தாமான் சமூக மண்டபம், பிரிக்ஃபீல்ட்ஸ், ஜாலான் ஈப்போ பக்கத்துக் கடைவீட்டு மாடிகள், இங்கேதான் பெரும்பாலும் வகுப்பு நடக்கும். மாலையில் சத்தம் கேட்கும் மண்டபத்துக்குள் எட்டிப் பார்ப்பதே பாதித் தேடல். பள்ளியில் புறப்பாட நடவடிக்கைக்கு வருகிற பயிற்றுநர் வெளியிலும் வகுப்பு வைத்திருப்பார், விசாரியுங்கள்.

நான் எல்லாரிடமும் சொல்வது, ஒரு போட்டி நாளில் போய் உட்காருங்கள். மாவட்ட அளவிலோ சங்க அளவிலோ நடக்கிற சின்னப் போட்டி போதும், பெரும்பாலும் யாரும் தடுக்க மாட்டார்கள். அங்கே பிள்ளைகளைப் பார்க்காதீர்கள், விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பயிற்றுநர்களைப் பாருங்கள். ஒரு முறை ஒன்பது வயது இருக்கும் ஒரு பெண் பிள்ளை, முதல் சுற்றிலேயே தோற்று, உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அவளுடைய மாஸ்டர் எழுந்து நின்று, அவள் தலைக்கவசத்தின் பட்டையைத் தானே கழற்றி, தண்ணீர் போத்தலைக் கையில் கொடுத்து, அவள் குடித்து முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு குனிந்து இரண்டு வாக்கியம் சொன்னார், இடது காலைக் காட்டி ஏதோ சொன்னார், பிள்ளை தலையாட்டினாள். அதே கூடத்தில் எதிர் மூலையில் இன்னொருவர், தோற்று வந்த பையனை அவன் அப்பா அம்மா முன்னாலேயே "இதுக்காகவா உன்னை இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தேன்" என்று கத்திக்கொண்டிருந்தார். இரண்டு பேரிடமும் பதக்கம் வாங்கிய மாணவர்கள் இருந்தார்கள். யாரிடம் உங்கள் பிள்ளையை விடுவீர்கள் என்று அங்கேயே தெரிந்துவிடும். எந்த விளம்பரமும் இதைச் சொல்லாது.

ஒரு முழு வகுப்பைப் பாருங்கள்

இலவச அறிமுக வகுப்பு என்று கூப்பிடுவார்கள். போங்கள், ஆனால் அன்றைக்கு எல்லாரும் நல்ல முகம் காட்டுவார்கள். முடிவெடுக்க அது போதாது. சாதாரண நாளில், சொல்லிவிட்டோ சொல்லாமலோ போய், தொடக்கத்திலிருந்து கடைசிவரை உட்கார்ந்து பாருங்கள், முடிந்தால் இரண்டு வகுப்பு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இந்த விஷயத்தில் செல்லாது. ஆசானுக்கும் களைத்த நாள் உண்டு, நன்றாக அமைந்த நாளும் உண்டு. பெற்றோர் உள்ளே உட்காரக்கூடாது, அது எங்கள் விதி என்று ஒருவர் சொன்னால், பிள்ளைகள் கவனம் சிதறும் என்பது நியாயமான காரணமாகவே இருக்கலாம், ஆனால் அப்போதும் கண்ணாடி வழியாகவாவது வாசலில் நின்றாவது பார்க்க இடம் இருக்க வேண்டும். எதுவுமே பார்க்க முடியாது என்றால் அந்த இடம் வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

என்ன பார்ப்பது? முதலில் அந்தக் கூட்டத்தில் மிகவும் தடுமாறுகிற பிள்ளையைக் கண்டுபிடியுங்கள். எல்லா வகுப்பிலும் ஒருவர் இருப்பார், கொஞ்சம் குண்டாகவோ, மெதுவாகவோ, எப்போதும் இடதையும் வலதையும் மாற்றியோ. ஆசான் அந்தப் பிள்ளையிடம் எத்தனை முறை போகிறார், போனால் என்ன செய்கிறார் என்று பாருங்கள். திறமைசாலியைச் சொல்லிக்கொடுப்பது யாருக்கும் சுலபம், அவன் பார்த்தே கற்றுக்கொள்வான். செந்தூலில் ஒரு சிலம்ப வகுப்பில் நான் பார்த்தது மறக்கவில்லை. ஒரு பையனுக்குக் கம்பு ஒவ்வொரு சுற்றிலும் முழங்காலில் இடித்துக்கொண்டே இருந்தது. ஆசான் வீச்சை மறுபடி செய்து காட்டவில்லை. கம்பை அவன் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, வெறும் கையோடு காலடியை மட்டும் போடச் சொன்னார். பையன் முன்காலை எடுத்து வைக்கும்போது பின்காலின் குதிகால் தரையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது, இடுப்பு திரும்பவில்லை, அதனால்தான் கம்புக்கு வழி இல்லை. அந்தக் குதிகாலைத் தன் விரலால் தட்டி, "இது எழும்பட்டும்" என்றார். நாலைந்து தடவை நடக்க விட்டு, பிறகு கம்பைத் திருப்பிக் கொடுத்தார். கம்பு சுத்தமாகச் சுற்றியது. பிழை கையில் தெரிந்தாலும் காரணம் காலில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற கண், அதுதான் ஆசானுக்கு வேண்டியது. அவர் மாநில வெற்றியாளரா என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை.

அப்புறம் ஆசான் எங்கே இருக்கிறார் என்று பாருங்கள். பல இடங்களில் பெயர்ப்பலகையில் இருப்பவர் மாதத்தில் ஒரு நாள்தான் வருவார், மற்ற நாளெல்லாம் பதினாறு வயது மூத்த மாணவன் வகுப்பை நடத்துவான். மூத்த மாணவர் உதவுவதில் தவறில்லை, கற்றதை உறுதியாக்க அது நல்ல வழி. ஆனால் கூடத்தில் பொறுப்பான பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். நாற்பது பிள்ளைகளுக்கு ஒருவர் மட்டும் நின்று எண்ணிக்கொண்டிருந்தால் அது உடற்பயிற்சிதான், கலை வகுப்பாகாது.

மூத்த மாணவர்கள் புதியவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்பது ஆசானைப் பற்றி அவரே சொல்லாததையும் சொல்லிவிடும். எதிர்த்து ஆடும் நேரத்தில் கவனியுங்கள். பெரியவன் சின்னவனுக்கு ஏற்ற மாதிரி வேகத்தைக் குறைக்கிறானா, இல்லை புதியவனைப் போட்டு மிதிக்கிறானா? யாராவது கோபத்தில் அடித்தால் ஆசான் உடனே நிறுத்துகிறாரா? நிறுத்தாமல் சிரித்துக்கொண்டிருந்தால் கிளம்பிவிடுங்கள்.

தண்ணீர். இந்த ஊர் வெக்கையில், மின்விசிறி மட்டும் சுற்றும் மண்டபத்தில், தண்ணீர் குடிக்க விடாமல் பழக்குவது மன உறுதியை வளர்க்காது, பிள்ளையை மயக்கம் போட வைக்கும். அதே மாதிரி, தாமதமாக வந்ததற்கு முட்டியை மடக்கி வாத்து நடை போட வைப்பது, சிமெண்டுத் தரையில் கை முட்டியால் தண்டால் எடுக்க வைப்பது, பிரம்பால் தொடையில் தட்டுவது, இதையெல்லாம் "நாங்க அப்படித்தான் கத்துக்கிட்டோம்" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கண்டிப்பு வேண்டும், நானும் கண்டிப்பான ஆசானிடம்தான் பழகினேன், வரிசையில் பேசினால் வெளியே நிற்க வேண்டியதுதான். ஆனால் வளர்கிற முட்டியைத் தண்டனைக்குப் பயன்படுத்துவது வேறு விஷயம்.

தரையைப் பாருங்கள். தூக்கிப் போடும் கலை என்றால் விரிப்பு தடிமனாக, இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். பிடித்து உருளும் வகுப்பு என்றால் விரிப்பை எப்போது துடைக்கிறார்கள் என்று கேளுங்கள். படர்தாமரையும் தோல் புண்ணும் அங்கே ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சுலபமாகத் தொற்றும், தோலில் புண் இருப்பவரை ஆசான் அன்றைக்கு உட்கார வைக்க வேண்டும். முதலுதவிப் பெட்டி கண்ணில் படுகிறதா? பல் கவசம் கட்டாயமா? தலையில் அடி பட்டால் என்ன செய்வீர்கள் என்று நேராகவே கேளுங்கள். அன்றைக்கு மறுபடி விளையாட விடமாட்டோம், பெற்றோரைக் கூப்பிடுவோம், தலைவலியோ வாந்தியோ பேச்சில் குழப்பமோ இருந்தால் மருத்துவமனைக்கு அனுப்புவோம், இப்படி ஒரு பதில் வர வேண்டும். தலைக்கவசம் இருக்கே என்று சொன்னால் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை என்று அர்த்தம். கவசம் தோல் கிழிவதைத் தடுக்கும், உள்ளே மூளை குலுங்குவதை அது நம்பும்படி தடுப்பதில்லை.

சான்றிதழும் வம்சாவளியும்

சுவர் முழுக்கச் சான்றிதழ் மாட்டியிருப்பார்கள். எழுந்து பக்கத்தில் போய்ப் படியுங்கள், யார் கொடுத்தது, எந்த ஆண்டு என்று பாருங்கள். தனக்குத் தானே சங்கம் தொடங்கி, தனக்குத் தானே பட்டம் கொடுத்துக்கொண்ட கிராண்ட்மாஸ்டர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். சரிபார்க்க வழி உண்டு. 1997-ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டப்படி விளையாட்டுச் சங்கங்கள் விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில், அதாவது பெஜாபாட் பெசுருஹ்ஜாயா சுக்கானில், பதிவு செய்திருக்க வேண்டும். வகுப்பு எந்தச் சங்கத்தின் கீழ் இருக்கிறது என்று கேட்டு, அந்தச் சங்கத்தையே தொடர்புகொண்டு இவர் உங்கள் ஆள்தானா என்று விசாரிக்கலாம். பயிற்றுநர்களுக்கு எஸ்பிகேகே என்ற தேசியச் சான்றிதழ்த் திட்டம் இருக்கிறது, விளையாட்டு அறிவியல் ஒரு பக்கம், அந்தந்தக் கலை இன்னொரு பக்கம் என்று படிப்படியாக. அதைச் செய்தவர் எல்லாம் நல்ல ஆசான் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நேரம் ஒதுக்கிப் படித்திருக்கிறார், உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்கும்.

வாரின் நிறத்தை ஒரு கலையோடு இன்னொரு கலையை ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள். டேக்வாண்டோவில் கருப்புக்குக் கீழே பத்துப் படி. மூன்று மாதத்துக்கு ஒரு தேர்வு என்று வைத்தால் இரண்டரை, மூன்று வருடத்தில் பிள்ளை அங்கே போய்விடும், பதினைந்து வயதுக்குக் கீழே என்றால் சியோலில் இருக்கும் டேக்வாண்டோ தலைமையகமான குக்கிவோன் டான் என்ற கருப்பு வார்ப் படியைக் கொடுக்காது, பூம் என்ற சிறுவர் படியைத்தான் கொடுக்கும். பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவில் கருப்பு வாருக்குப் பத்து வருடம்கூட ஆகலாம், அனைத்துலகக் கூட்டமைப்பின் விதிப்படி 19 வயதுக்கு முன்னால் கிடைக்கவே கிடைக்காது. அதனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரே வருடத்தில் கருப்பு வார் என்று யாராவது உறுதி கொடுத்தால் அவர் விற்பது வாரைத்தான்.

சிலம்பத்தில் காகிதம் குறைவு, வாய்வழி வந்ததுதான் அதிகம். தோட்டத்தில் தாத்தா ஆடினார், அவரிடம் இவர் கற்றார் என்று போகும். அங்கே உங்கள் கேள்வி எளிது: உங்கள் ஆசான் யார், அவர் இருக்கிறாரா, பார்க்கப் போவீர்களா? இன்றைக்கும் தன் ஆசானை வருடத்தில் ஒரு முறையாவது போய்ப் பார்த்துக் காலில் விழுகிற ஆள், அவரைப் பற்றிப் பேசும்போது குரல் மாறுகிற ஆள், எனக்கு உடனே நம்பிக்கை வரும். தான் எல்லாவற்றையும் தானே கண்டுபிடித்ததாகவும் மற்ற ஆசான்கள் எல்லாம் ஏமாற்றுக்காரர்கள் என்றும் அரை மணி நேரம் பேசுகிறவரிடம் வராது. வர்மம் தெரியும், தொடாமலே விழ வைப்பேன் என்று சொல்பவரிடம் அவருடைய சொந்த மாணவனைத் தவிர வேறு யாரையாவது விழ வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வர்மம் நம் முன்னோர் சேர்த்து வைத்த பெரிய அறிவு, அதை மேடை வித்தை ஆக்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

பணம்

மாதக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். சேர்க்கைக் கட்டணம், சங்க உறுப்பியம், உடுப்பு, கவசம், ஒவ்வொரு தேர்வுக்கும் தனிக் கட்டணம், போட்டிக் கட்டணம், போட்டி வெளியூரில் என்றால் பேருந்து, தங்குமிடம், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வருடத்துக்கு எவ்வளவு வெள்ளி என்று கூட்டுங்கள். மாதக் கட்டணம் மலிவாக இருக்கும் இடத்தில் தேர்வுக் கட்டணம் கடிக்கும். தேர்வுக்குப் போவதும் போகாமல் இருப்பதும் நம் விருப்பமா என்று கேளுங்கள். யாரும் தோற்பதே இல்லை என்றால் அது தேர்வு அல்ல. உடற்பயிற்சிக் கூடங்கள் மாதிரி நடத்தும் இடங்களில் 12 மாத ஒப்பந்தம் நீட்டுவார்கள், இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் கழிவு என்பார்கள். ஒப்பந்தத்தை வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படியுங்கள், பிள்ளைக்குக் கை முறிந்தால், வேலை மாற்றலாகிப் போனால் நிறுத்த முடியுமா, மீதிப் பணம் திரும்பி வருமா என்று எழுத்தில் இருக்க வேண்டும். பணம் கட்டி ஏமாந்துவிட்டால் சும்மா விடாதீர்கள். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனு போடலாம், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை எடுத்துக்கொள்வார்கள், வழக்கறிஞர் தேவையில்லை.

பல நல்ல ஆசான்கள், குறிப்பாகச் சிலம்பத்தில், கட்டணம் கேட்கவே கூச்சப்படுவார்கள். வசதி இல்லாத பிள்ளைகளை இலவசமாகச் சேர்த்துக்கொள்வார்கள். அவர்களிடம் பேரம் பேசாதீர்கள். கட்ட முடிந்தவர்கள் ஒழுங்காகக் கட்டினால்தான் மண்டப வாடகை ஓடும்.

பிள்ளைகளின் பாதுகாப்பு

இதைப் பேசக் கூச்சப்படாதீர்கள். பெரும்பாலான ஆசான்கள் பிள்ளைகளைத் தம் பிள்ளைகள் மாதிரியே பார்க்கிறார்கள், ஆனால் தவறான ஒரு ஆளுக்கும் இதே மரியாதை கிடைத்துவிடுகிறது என்பதுதான் ஆபத்து. மாஸ்டர் சொன்னால் கேட்க வேண்டும் என்று நாமேதான் சொல்லி அனுப்புகிறோம். அதோடு இன்னொன்றையும் சொல்லி அனுப்புங்கள்: உடம்பில் தொடுவது பிடிக்கவில்லை என்றால் யாராக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லலாம், வீட்டில் வந்து சொன்னால் நாங்கள் திட்ட மாட்டோம்.

நிலையைத் திருத்த ஆசான் தொட வேண்டியிருக்கும், அது எல்லார் முன்னாலும், சொல்லிவிட்டு, கையை, காலை, தோளைத் தொடுவதாக இருக்கும். தனியறையில் தசை நீவிவிடுகிறேன், வர்ம வைத்தியம் செய்கிறேன் என்பதற்கெல்லாம் இடமே கொடுக்காதீர்கள். பிள்ளைக்குத் தனியாக இரவில் செய்தி அனுப்புவது, தனியாகக் காரில் ஏற்றிப் போவது, அப்பா அம்மாவிடம் சொல்லாதே என்று ரகசியம் வைக்கப் பழக்குவது, ஒரு பிள்ளைக்கு மட்டும் பரிசு வாங்கிக் கொடுப்பது, இவை எல்லாம் எச்சரிக்கை மணி. பிள்ளையோடு பேசும் செய்தி எல்லாம் பெற்றோரும் இருக்கும் குழுவில் போகட்டும். வெளியூர்ப் போட்டிக்குப் போனால் யார் யாரோடு ஒரே அறையில் தங்குகிறார்கள் என்று கேளுங்கள், பெண் பிள்ளைகளோடு பெண் பொறுப்பாளர் ஒருவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். நல்ல ஆசான் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்க மாட்டார், பல பேர் நாம் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் மீதான 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில், பிள்ளையைப் பேசிப் பழக்கி வசப்படுத்துவதே தனிக் குற்றம். நம்பிக்கைக்குரிய பொறுப்பில் இருப்பவர் செய்தால் கூடுதல் தண்டனை, அந்தப் பட்டியலில் பயிற்றுநரும் வருகிறார். சந்தேகம் வந்தால் அரசாங்கத்தின் உதவித் தொலைபேசியான தாலியான் காசே 15999-க்கு அழைக்கலாம், காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். சங்கத்துக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம் என்று யாராவது சமாதானம் பேசினால் கேட்காதீர்கள்.

பெரியவர்கள், பெண்கள்

வயது வந்து தொடங்குகிறவர்கள் ஆசானிடம் பழைய காயம், இரத்த அழுத்தம், மருந்து எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லுங்கள். அதைக் கேட்டதும் பயிற்சியை மாற்றித் தருகிறவர் நல்லவர், "அதெல்லாம் வந்தா சரியாயிடும்" என்கிறவர் ஆபத்து. பெண்கள் முடிந்தால் அங்கே ஏற்கெனவே பழகும் பெண்களிடம், ஆசான் பக்கத்தில் இல்லாத நேரத்தில், எவ்வளவு நாளாக வருகிறீர்கள் என்று கேளுங்கள். வருடக்கணக்கில் பெண்கள் நிலைத்து நிற்கும் வகுப்பு பெரும்பாலும் எல்லாருக்கும் நல்ல வகுப்பு. ஒரு நாள் தற்காப்புப் பட்டறையில் சேர்ந்துவிட்டு இனி கவலையில்லை என்று நினைக்காதீர்கள், அனிச்சையாகக் கை எழும்ப மாதக்கணக்கில் பழக வேண்டும்.

சேர்ந்த பிறகு

மூன்று மாதம் கொடுங்கள். முதல் மாதம் உடம்பு வலிக்கும், பிள்ளை சலித்துக்கொள்ளும், அது இயல்பு. மூன்று மாதம் கழித்து, வகுப்பு நாளன்று பிள்ளைக்கு வயிற்று வலி வருகிறதா, இல்லை கம்பை எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறதா என்று பாருங்கள். வீட்டில் தம்பி தங்கையிடம் எப்படி நடந்துகொள்கிறது என்றும் பாருங்கள். கற்றதைத் தம்பி மேல் காட்டினால் ஆசானிடம் சொல்லுங்கள், அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டு பேசுகிறாரா என்பதும் ஒரு சோதனைதான்.

ஒத்துவரவில்லை என்றால் விலகலாம், அது குரு துரோகம் இல்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் குழுவை விட்டு வெளியேறிவிட்டுக் காணாமல் போகாதீர்கள். பிள்ளையையும் அழைத்துக்கொண்டு நேரில் போய், நிறுத்திக்கொள்கிறோம் மாஸ்டர், இதுவரை சொல்லிக்கொடுத்ததற்கு நன்றி என்று சொல்லுங்கள். பாக்கி இருந்தால் கட்டிவிடுங்கள், இரவல் வாங்கிய கவசத்தைத் துடைத்துத் திருப்பிக் கொடுங்கள், தேர்வுப் பதிவுப் புத்தகத்தையும் சான்றிதழ்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதே சங்கத்தில் வேறு வகுப்புக்குப் போனால் அந்தப் புத்தகம் வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை மறுபடி வெள்ளை வாரிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.